பின் இருக்கையில் உண்மையில் எவ்வளவு இடம்? சொகுசு செடானை மாற்றுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பிஎம்டபிள்யூ 3 சீரிஸ், மெர்சிடிஸ் சி-கிளாஸ், ஆடி ஏ4, வோல்வோ எஸ்60 என்ற வரிசையில் ஒரு காரை ஏழெட்டு ஆண்டுகள் ஓட்டியவர்கள், அடுத்த காரைத் தேடும்போது இஞ்சினைப் பற்றி அதிகம் கேட்பதில்லை. கேள்வியெல்லாம் பின் இருக்கையைப் பற்றித்தான். கார் வாங்கியபோது மடியில் இருந்த பிள்ளை இப்போது அப்பாவின் தோளுக்கு மேல் வளர்ந்துவிட்டான். வீட்டுப் பெரியவர்களுக்கு முழங்கால் வலி வந்துவிட்டது. அப்படித் தேடுகிறவர்களுக்காக எழுதியது இது. அளவுகள் தயாரிப்பு நிறுவனங்கள் வெளியிட்டவை, அபிப்பிராயங்கள் என்னுடையவை.

நான்கே முக்கால் மீட்டர் நீளமுள்ள காரில் பின்னால் ஏன் இவ்வளவு நெருக்கடி?

நீளத்தின் பெரும்பகுதி முன்னாலேயே செலவாகிவிடுகிறது. பிஎம்டபிள்யூவிலும் மெர்சிடிஸிலும் இஞ்சின் நீளவாக்கில் படுத்திருக்கிறது. அதன் பின்னால் கியர்பாக்ஸ், அங்கிருந்து பின் சக்கரங்களுக்குப் போகும் நீண்ட தண்டு. எடை முன்னும் பின்னும் சமமாக விழ வேண்டும் என்பதற்காக முன் சக்கரங்களை மூக்கின் பக்கம் தள்ளி வைக்கிறார்கள். காரைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள்: முன் சக்கரத்துக்கும் முன் கதவுக்கும் நடுவே நல்ல நீளத்துக்கு வெறும் தகடு தெரியும். பார்க்க அழகாக இருக்கும் அந்தத் தகடுதான் பின்னால் இருப்பவரின் முழங்காலுக்குப் போயிருக்க வேண்டிய இடம்.

இதைப் புரியவைக்க ஒரு பழைய உதாரணம் போதும். 2008இல் வந்த இரண்டாம் தலைமுறை ஸ்கோடா சூப்பர்பின் வீல்பேஸ், அதாவது முன் சக்கர அச்சுக்கும் பின் சக்கர அச்சுக்கும் இடையிலான தூரம், 2761 மி.மீ. அதே காலத்து 3 சீரிஸுக்கும் (இ90) சி-கிளாஸுக்கும் (டபிள்யூ204) 2760 மி.மீ. (அடைப்புக்குறியில் இருப்பவை ஒவ்வொரு தலைமுறைக்கும் நிறுவனங்கள் வைக்கும் குறியீடுகள்.) வித்தியாசம் ஒரே ஒரு மில்லிமீட்டர். ஆனால் சூப்பர்பின் பின் இருக்கையில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு பத்திரிகை படிக்கலாம். மற்ற இரண்டிலும் ஆறடி ஆள் முழங்காலை எந்தப் பக்கம் சாய்ப்பது என்று யோசிக்க வேண்டும். சூப்பர்பில் இஞ்சின் குறுக்குவாட்டில் இருக்கிறது, முன் சக்கரங்களே காரை இழுக்கின்றன, அதனால் முன்புறச் சாமான்கள் எல்லாம் சின்ன இடத்தில் அடங்கிவிடுகின்றன. சூப்பர்ப் மொத்த நீளத்தில் பெரிய கார் என்பது உண்மைதான். அந்தக் கூடுதல் நீளம் சக்கரங்களுக்கு வெளியே, மூக்கிலும் டிக்கியிலும் இருக்கிறது. முழங்காலுக்கு அதனால் லாபமில்லை.

புதிய தலைமுறை மாடல்களில் வீல்பேஸ் கூடியிருக்கிறதே, இடமும் கூடியிருக்கும் அல்லவா?

அப்படிக் கணக்குப் போட்டால் ஏமாறுவீர்கள். 3 சீரிஸின் எஃப்30 தலைமுறையில் 2810 மி.மீ. இருந்த வீல்பேஸ், ஜி20 தலைமுறையில் 2851 மி.மீ. ஆனது. 41 மி.மீ. அதிகம். பின் இருக்கையின் கால் இடம் எவ்வளவு கூடியது? அமெரிக்கச் சந்தைக்கான அளவுப்படி 35.1 அங்குலத்திலிருந்து 35.2 அங்குலம். மீதியெல்லாம் எங்கே போனது என்று கேட்டால், முன்புற வடிவமைப்பிலும் முன் இருக்கைகளிலும் பின் மெத்தையின் அமைப்பிலும் கரைந்துபோனது என்பதுதான் பதில்.

நேர்மாறான கதையும் உண்டு. சி-கிளாஸ் 2840 மி.மீ.யிலிருந்து (டபிள்யூ205) 2865 மி.மீ.க்கு (டபிள்யூ206) 25 மி.மீ. மட்டுமே வளர்ந்தது. பின்னால் கால் இடம் 35 மி.மீ. வரை கூடியதாக மெர்சிடிஸ் சொன்னது. முன் இருக்கையின் முதுகுப் பகுதியைச் செதுக்கினால்கூட இரண்டு விரற்கடை இடம் கிடைத்துவிடும்.

நிறுவனங்கள் தரும் லெக்ரூம், அதாவது கால் இடத்தின், எண்ணை நம்பலாமா?

எண் பொய் அல்ல. ஆனால் அது அளப்பது நீங்கள் நினைக்கும் இடத்தை அல்ல.

அமெரிக்காவில் விற்கும் கார்களுக்கு எஸ்ஏஇ என்ற பொறியாளர் அமைப்பின் ஜே1100 முறையைப் பின்பற்றுகிறார்கள். மனித உருவம் கொண்ட ஒரு பொம்மையை இருக்கையில் அமர்த்தி, இடுப்பு மூட்டிலிருந்து கணுக்கால் வரை அளந்து, அதோடு 254 மி.மீ., அதாவது 10 அங்குலம், கூட்டுகிறார்கள். முன் இருக்கை பின்னால் தள்ளப்பட்ட நிலையில் இருக்கும். ஆக, முழங்காலுக்கும் முன் இருக்கைக்கும் நடுவே எத்தனை விரல் இடம் என்பதை இந்த எண் சொல்வதில்லை. பாதம் முன் இருக்கைக்கு அடியில் ஆழமாகப் போக முடிந்தால் எண் பெரிதாக வரும். முழங்கால் முட்டுவது முட்டிக்கொண்டேதான் இருக்கும்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. முன் இருக்கை எவ்வளவு தூரம் பின்னால் நகரலாம் என்பதை ஒவ்வொரு நிறுவனமும் தானே முடிவு செய்கிறது. இருக்கை நகரும் தண்டவாளத்தைக் கொஞ்சம் குட்டையாக்கினால் பின் இருக்கையின் எண் தானாக வளரும். அதனால் நான் முன், பின் இரண்டு எண்களையும் கூட்டிப் பார்ப்பேன். ஜி20 3 சீரிஸில் முன்னால் 42.0, பின்னால் 35.2, மொத்தம் 77.2 அங்குலம். பி9 தலைமுறை ஆடி ஏ4இல் 41.3, 35.7, மொத்தம் 77.0. பின் எண்ணை மட்டும் பார்த்தால் ஆடி அரை அங்குலம் முந்துகிறது. கூட்டிப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். இதோடு 2018 முதல் 2024 வரை அமெரிக்காவில் விற்ற டொயோட்டா கேம்ரியை வைத்துப் பாருங்கள்: 42.1, 38.0, மொத்தம் 80.1. டொயோட்டாவின் சொகுசுப் பிராண்டான லெக்சஸின் அதே காலத்து இஎஸ் 42.4, 39.2, மொத்தம் 81.6. சொகுசு செடான்கள் தங்களுக்குள் அரை அங்குலத்துக்கு அடித்துக்கொள்கின்றன. பக்கத்துத் தெருவில் மூன்று, நான்கு அங்குலம் சும்மா கிடக்கிறது.

இந்தியச் சிற்றேடுகளில் பெரும்பாலும் இந்த எண்ணே இருக்காது. "விசாலமான உட்புறம்" என்று ஒரு வரி இருக்கும். அதைத் தாண்டிப் போங்கள்.

அப்படியானால் நானே எப்படி அளப்பது?

தச்சர்கள் வைத்திருக்கும் வளையாத இரும்பு நாடா ஒன்று வேண்டும். தையல் நாடா தொய்ந்துவிடும்.

ஷோரூமுக்குப் போவதற்கு முன் உங்கள் பழைய காரை அளந்துகொள்ளுங்கள். வீட்டில் வழக்கமாக ஓட்டுபவர் தனக்கு ஏற்றபடி இருக்கையைச் சரிசெய்து உட்காரட்டும். அவருக்குப் பின்னால் மூன்று அளவுகள் எடுங்கள். முதலாவது, பின் இருக்கையின் சாய்வில் இடுப்பு படும் இடத்திலிருந்து முன் இருக்கையின் முதுகு வரை, முழங்கால் உயரத்தில், கிடைமட்டமாக. ஆறடி ஆளுக்கு முதுகிலிருந்து முழங்கால் நுனி வரை 60 செ.மீ.க்கு மேல் இருக்கும் என்பதால், இந்த அளவு 65 செ.மீ.க்குக் கீழே போனால் நீண்ட பயணம் வேதனைதான். இரண்டாவது, மெத்தையின் முன் விளிம்பு தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்பது. மூன்றாவது, மெத்தையிலிருந்து கூரை வரை. இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போனால், "பழைய காரைவிட நன்றாக இருக்கிறது போலிருக்கிறதே" என்ற குழப்பமே வராது.

புதிய காரில் ஓட்டுநர் இருக்கையைக் கண்ணளவில் வைக்காதீர்கள். அதே ஆள் உட்கார்ந்து, பிரேக்கை முழுக்க மிதித்துப் பார்த்து, ஸ்டீயரிங்கின் உச்சியில் மணிக்கட்டு படும்படி அமைத்துக்கொள்ள வேண்டும். பிறகுதான் பின்னால் ஏற வேண்டும்.

பெரும்பாலானோர் தவறவிடும் இடம் பாதம். பின்னால் உட்கார்ந்து காலணியோடு பாதத்தை முன் இருக்கைக்கு அடியில் நீட்டிப் பாருங்கள். அங்கே தண்டவாளம், மின்மோட்டாரின் உறை, பின்பக்கத்துக்குக் காற்று கொண்டுபோகும் குழாய் எல்லாம் இருக்கும். இப்போது ஓட்டுபவரிடம் இருக்கையை முழுவதுமாகத் தாழ்த்தச் சொல்லுங்கள். சில கார்களில் ஷூவின் மேற்புறம் அப்படியே அகப்பட்டுக்கொள்ளும். உருவி எடுக்கத்தான் முடியும். இருக்கையை மறுபடி இரண்டு செ.மீ. உயர்த்தினால் பாதம் தாராளமாக உள்ளே போகும், முழங்காலும் கொஞ்சம் இறங்கும். ஓட்டுபவர் தாழ்ந்து உட்காரும் வழக்கம் உள்ளவரா, நிமிர்ந்து உட்காருபவரா என்பது பின் இருக்கையின் இடத்தை இந்த அளவுக்குத் தீர்மானிக்கிறது. எந்தச் சிற்றேட்டிலும் இது இல்லை.

ஷோரூமில் பார்த்தபோது தாராளமாக இருந்ததே?

முன் இருக்கைகள் முன்னே தள்ளி வைக்கப்பட்டிருந்தனவா என்று பார்த்தீர்களா? காட்சிக்கு நிற்கும் காரில் அப்படி வைத்திருப்பது விற்பனையாளர்களின் பழைய பழக்கம். மின்சாரத்தில் நகரும் இருக்கை என்றால், பேட்டரி இறங்கியிருக்கிறது, நகர்த்த முடியாது என்றும் சொல்வார்கள். டெஸ்ட் டிரைவ் காரில் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த ஓட்டத்தில் பாதி நேரமாவது நீங்கள் பின்னால் உட்கார்ந்து வருவது நல்லது. கார் வாங்குகிறவர்கள் பின் இருக்கையில் டெஸ்ட் டிரைவ் போவதில்லை. அங்கே உட்காரப்போகிறவர்களை ஷோரூமுக்கு அழைத்து வருவதுமில்லை.

அப்பா, அம்மாவுக்கு முழங்கால் வலி. கால் இடம் அதிகமாக இருந்தால் போதுமா?

போதாது. அவர்களுக்கு முக்கியம் மெத்தையின் உயரமும் தொடைக்குக் கிடைக்கும் தாங்கலும். மெத்தை தாழ்வாக இருந்தால் முழங்கால் மேலே எழும்பும், தொடை மெத்தையில் படியாது, உடம்பின் எடை முழுவதும் இடுப்பில் விழும். திண்ணையில் உட்காருவதற்கும் தரையில் குந்துவதற்கும் உள்ள வித்தியாசம் அது. சில நிறுவனங்கள் மெத்தையைக் குட்டையாக்கி முழங்கால் முன்னால் இடம் இருப்பதுபோல் காட்டுகின்றன. நாடா வைத்தால் இடம் இருக்கும். மூன்று மணி நேரப் பயணம் முடிந்ததும் தொடை நோகும்.

ஏறி இறங்குவதும் ஒரு கணக்கு. கதவு எவ்வளவு அகலமாகத் திறக்கிறது, கீழே பாதத்தை உள்ளே இழுக்கும் இடத்தில் சக்கர வளைவு குறுக்கே வருகிறதா, சரிந்து இறங்கும் கூரை தலையில் இடிக்கிறதா என்பவற்றைப் பெரியவர்களை நேரில் ஏறி இறங்கச் செய்துதான் தெரிந்துகொள்ள முடியும். ஒருமுறை அல்ல, இரண்டு மூன்று முறை. முதல் தடவை எல்லோரும் மரியாதைக்காக "நன்றாக இருக்கிறது" என்றுதான் சொல்வார்கள்.

பின்னால் மூன்று பேர் உட்காரலாமா?

மூன்று சீட் பெல்ட் இருக்கும். மூன்று பேருக்கான இடம் இருக்காது. நடுவில் தரையிலிருந்து எழும் மேடு, பின் சக்கரத்துக்குப் போகும் தண்டுக்கானது. இந்தியாவில் விற்கும் ஆடி ஏ4 முன் சக்கரங்களால் ஓடுவதுதான். ஆனாலும் அதே உடல் நான்கு சக்கரங்களும் இயங்கும் குவாட்ரோ வடிவத்துக்கும் பயன்படுவதால் மேடு அப்படியே இருக்கிறது. தினமும் மூன்று பேர் பின்னால் உட்கார வேண்டுமென்றால் இந்த வகையையே விட்டுவிடுங்கள்.

ஓட்டுநர் வைத்திருக்கிறேன். நான் பின்னால் இடப்பக்கம்தான் உட்காருவேன். எனக்கும் இதே கணக்குதானா?

உங்கள் கணக்கு சுலபமானது. முன்னால் இடப்பக்க இருக்கை காலியாக இருந்தால் அதை முன்னே தள்ளிவிடலாம். சாதாரண சி-கிளாஸில்கூட அப்போது காலை நீட்டிக்கொள்ள முடியும். பின்னால் இருந்தபடியே அந்த இருக்கையை நகர்த்தும் பொத்தான் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். வாரத்தில் ஆறு நாள் தனியாகப் பின்னால் பயணம் செய்பவருக்கு, ஒரு பொத்தான் செய்யும் வேலைக்காகப் பெரிய கார் தேவையில்லை. குடும்பத்தோடு போகும்போது அந்த இருக்கையில் ஆள் இருக்கும் என்பதை மறந்துவிடாதீர்கள், அவ்வளவுதான்.

லாங் வீல்பேஸ் கார்கள் உண்மையிலேயே வேறா?

ஆம். தலைமுறை மாற்றத்தில் கூடும் வீல்பேஸ் எங்கெங்கோ சிதறும். நீட்டிக்கப்பட்ட காரில் அப்படியில்லை: கூட்டிய நீளம் பின் கதவு இருக்கும் பகுதியில்தான் சேர்கிறது. பிஎம்டபிள்யூ 3 சீரிஸ் கிரான் லிமோசினின் வீல்பேஸ் 2961 மி.மீ.; சாதாரண ஜி20யைவிட 110 மி.மீ. அதிகம். பக்கத்தில் பக்கம் நிறுத்திப் பார்த்தால் பின் கதவின் நீளமே காட்டிக்கொடுத்துவிடும்.

முதலாளி பின்னால் அமரும் சீனச் சந்தைக்காக உருவான வழக்கம் இது. அங்கே ஆடி ஏ4, சி-கிளாஸ் இரண்டுக்கும் நீண்ட வடிவங்கள் வந்தன. அவை இந்தியாவுக்கு வரவில்லை. பிஎம்டபிள்யூ மட்டும் 2021 ஜனவரியில் கிரான் லிமோசினை வலப்பக்க ஸ்டீயரிங்குடன் இங்கே கொண்டுவந்தது. செங்கல்பட்டுக்கு அருகே மஹிந்திரா வேர்ல்ட் சிட்டியில் உள்ள அதன் சென்னை ஆலையில்தான் இது பாகங்கள் பொருத்தித் தயாராகிறது. ஓட்டுவதற்கென்று 3 சீரிஸ் வாங்குகிறவர்களுக்குச் சாதாரண நீளத்தில் எம்340ஐ என்ற வேகமான வடிவம் இருக்கிறது.

இன்னும் மேலே போனால் மெர்சிடிஸ் இ-கிளாஸ் (3094 மி.மீ.), பிஎம்டபிள்யூ 5 சீரிஸ் (3105 மி.மீ.). இரண்டும் இந்தியாவில் நீண்ட வடிவத்தில்தான் விற்கின்றன. இவற்றின் பின் இருக்கைக்கும் சி-கிளாஸின் பின் இருக்கைக்கும் ஒப்பீடே இல்லை. ஆனால் முன்பணம் கட்டுவதற்கு முன் உங்கள் அடுக்ககத்தின் கார் நிறுத்துமிடத்தை அளந்துவிடுங்கள். பல இடங்களில் ஒதுக்கப்படுவது இரண்டரை மீட்டர் அகலம், ஐந்து மீட்டர் நீளம். 5 சீரிஸின் நீளம் 5165 மி.மீ.; இ-கிளாஸ் 5092 மி.மீ. சுவரோடு ஒட்டி நிறுத்தினாலும் மூக்கு வழியில் நீட்டிக்கொண்டிருக்கும், எதிர்வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார். கிரான் லிமோசின் 4.82 மீட்டர்தான் என்பதால் அடங்கிவிடும்.

வேகத்தடை இன்னொரு தொல்லை. தரைக்கும் வயிற்றுக்கும் இடையிலான உயரம் ஒன்றாகவே இருந்தாலும், சக்கரங்களுக்கு நடுவே தூரம் கூடக்கூட உயரமான வேகத்தடையில் அடிவயிறு உரசும் வாய்ப்பும் கூடும். நான்கு பேர், பெட்டிகள் என்று நிறைந்த காரை உங்கள் தெருவில் உள்ள மோசமான வேகத்தடையில் ஏற்றிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கேம்ரி, லெக்சஸ் இஎஸ், சூப்பர்ப் பக்கம் போவது இறக்கம் இல்லையா?

பின் இருக்கையில் உட்காருகிறவரைக் கேட்டால் ஏற்றம் என்பார். குறுக்குவாட்டு இஞ்சின், முன் சக்கர இயக்கம், 2825 மி.மீ. (கேம்ரி), 2870 மி.மீ. (ஏழாம் தலைமுறை இஎஸ்) வீல்பேஸ். இந்தியக் கேம்ரியில் பின் சாய்வை மின்சாரத்தில் சாய்த்துக்கொள்ளலாம். அதற்கான பொத்தான்கள் நடுக் கைத்தாங்கியில் இருக்கின்றன. அதே விலையில் எந்த ஜெர்மன் செடானும் இதைத் தருவதில்லை.

இழப்பது என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். 3 சீரிஸை வளைவுகளில் ஓட்டிப் பழகியவருக்குக் கேம்ரியின் ஸ்டீயரிங் உயிரில்லாததுபோல் தெரியும். ஏற்காடு மலைப்பாதையில் உற்சாகமாக ஏறும் மனநிலை இன்னும் இருந்தால் வருத்தப்படுவீர்கள். வாசலில் நிற்கும் காரின் சின்னம் முக்கியமென்றால் லெக்சஸ் அதற்கும் பதில் சொல்லும். என் முடிவு என்னவென்றால், பின் இருக்கைதான் காரை மாற்றும் காரணம் என்றால், ஒரு சி-கிளாஸிலிருந்து இன்னொரு சி-கிளாஸுக்கோ ஏ4இலிருந்து எஸ்60க்கோ தாவுவதில் பொருளில்லை. கிரான் லிமோசின், இல்லையென்றால் இந்தக் குறுக்கு இஞ்சின் கார்கள்.

அதே விலையில் ஏ-கிளாஸ் லிமோசினோ 2 சீரிஸ் கிரான் கூபேயோ புதிதாகக் கிடைக்கிறதே?

வேண்டாம். இஞ்சின் குறுக்கே இருந்தாலும் கார்களே சிறியவை. கிரான் கூபேயின் சரியும் கூரை பின்னால் இருப்பவரின் தலைமுடியைத் தொடும்.

எஸ்யூவி வாங்கினால் பிரச்சினை தீருமா?

ஏறி இறங்கும் பிரச்சினை தீரும். உட்காரும் உயரம் அதிகம் என்பதால் பெரியவர்கள் குனிந்து விழாமல் நேராக ஏறிக்கொள்வார்கள். கால் செங்குத்தாக மடங்குவதால் குறைந்த நீளத்திலேயே வசதியாக இருக்கும். ஆடி க்யூ3இல் பின் இருக்கையை 150 மி.மீ. முன்னும் பின்னும் நகர்த்தலாம். டிக்கியில் பெட்டி குறைவாக இருக்கும் நாளில் பின்னால் தள்ளிக்கொள்ளலாம். பிஎம்டபிள்யூ 2025இல் கொண்டுவந்த மின்சார ஐஎக்ஸ்1 லாங் வீல்பேஸும் சென்னையில்தான் தயாராகிறது. அதன் வீல்பேஸ் 2800 மி.மீ., சாதாரண எக்ஸ்1இல் 2692 மி.மீ. நகரத்துக்குள் பெற்றோரை மருத்துவமனைக்கும் கோயிலுக்கும் அழைத்துப் போவதுதான் பெரும்பாலான ஓட்டம் என்றால் செடானைவிட இதையே சொல்வேன். நெடுஞ்சாலைப் பயணம் அதிகமென்றால் செடானின் நிதானம் வேறு.

மின்சார செடானில் தரை சமமாக இருக்குமே?

சமமாக இருக்கும், ஆனால் உயரமாகவும் இருக்கும். பேட்டரி காலுக்கடியில் படுத்திருப்பதால் தரை மேலே வருகிறது. கூரையை உயர்த்தினால் செடானின் தோற்றம் போய்விடும் என்பதால் மெத்தையை உயர்த்துவதில்லை. விளைவு, மேலே சொன்ன அதே குந்தும் நிலை. பிஒய்டி சீலின் வீல்பேஸ் 2920 மி.மீ.; முழங்காலுக்கு முன்னால் இடம் ஏராளம், ஆனால் தொடைத் தாங்கலை உட்கார்ந்து பார்த்தே முடிவு செய்ய வேண்டும். மின்சாரக் கார் என்றாலே மேடு இருக்காது என்றும் எண்ண வேண்டாம். பெட்ரோல் காரின் உடலைப் பகிர்ந்துகொள்ளும் பிஎம்டபிள்யூ ஐ4இல் அது இருக்கிறது.

கைக்குழந்தைக்கான இருக்கை பொருத்தினால்?

பின்னோக்கிப் பார்க்கும் குழந்தை இருக்கை பெரியவரைவிட அதிக இடம் கேட்கும். ஓட்டுநருக்குப் பின்னால் வைத்தால் அவர் ஸ்டீயரிங்கோடு ஒட்டி உட்கார வேண்டியிருக்கும்; இடப்பக்கம் வைத்தால் முன்னால் அமர்பவரின் முழங்கால் டேஷ்போர்டில் முட்டும். உங்கள் குழந்தை இருக்கையையே ஷோரூமுக்குக் கொண்டுபோய்ப் பொருத்திப் பாருங்கள். யாரும் தடுக்க மாட்டார்கள்.

சன்ரூஃப் தலை இடத்தைக் குறைக்குமா?

குறைக்கும். கண்ணாடி நகர்ந்து உள்ளே போகும் தடமும் அதன் உறையும் இரண்டு மூன்று செ.மீ. எடுத்துக்கொள்ளும். கூரைத்துணி பின்னால் எங்கே தாழ்கிறது என்று உள்ளங்கையால் தடவிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

பழைய கார் வாங்கத் தயார். எதைத் தேடலாம்?

பிஎம்டபிள்யூ 3 சீரிஸ் ஜிடி. 2920 மி.மீ. வீல்பேஸ், சாதாரண 3 சீரிஸைவிட உயர்ந்த இருக்கை, முழுக்கத் திறக்கும் பின்கதவு. முதுகு கொஞ்சம் கூன் விழுந்ததுபோலத் தெரிவதால் புதிதாக இருந்தபோது பலருக்குப் பிடிக்கவில்லை. உள்ளே உட்கார்ந்தவர்கள் வெளியிலிருந்து பார்க்கத் தேவையில்லை என்றார்கள். அடுத்தது மூன்றாம் தலைமுறை சூப்பர்ப், வீல்பேஸ் 2841 மி.மீ. இரண்டிலும் பின் இருக்கை மெத்தை அமுங்கியிருக்கிறதா என்பதைக் கையால் அழுத்திப் பாருங்கள். ஓட்டுநர் வைத்து ஓட்டிய காரில் இடப்பக்க மெத்தை வலப்பக்கத்தைவிட நிச்சயம் அதிகமாக அமுங்கியிருக்கும். விலை பேச அதுவும் ஒரு காரணம்.